அந்த அரை எங்கிருந்து வந்தது

தம்பிக்கு,

வீட்டில் உன்னை அப்படித்தான் கூப்பிடுகிறோம் என்பதால் இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். பக்கத்து அறையில் இருக்கிற மகனுக்கு யாராவது கல்லூரி ஆண்டு மலரில் கடிதம் எழுதுவார்களா என்று நீ முகத்தைச் சுளிப்பாய். நடந்தது இதுதான். நான் இந்த வருடத்தோடு ஓய்வு பெறுகிறேன் அல்லவா, அதனால் மலர்க் குழுவில் இருக்கும் தமிழ்த்துறை ஆசிரியை என்னிடம் வந்து, "மேடம், டிஜிட்டல் பாடம் நடத்தி பேர் வாங்கினவங்க நீங்க. அதைப் பத்தி ஒரு கட்டுரை கொடுங்க, நாலு பேருக்கு உபயோகமா இருக்கும்" என்று கேட்டார். சரி என்று உட்கார்ந்தேன். 'கணிதம் கற்பித்தலில் தொழில்நுட்பத்தின் பங்கு' என்று தலைப்புப் போட்டு மூன்று முறை ஆரம்பித்தேன். மூன்று முறையும் முதல் பத்தி முடிவதற்குள் பொய் வந்துவிட்டது. நான் முயன்றேன், நான் கண்டறிந்தேன், நான் மாற்றினேன் என்று எல்லா வாக்கியத்திலும் நான். அதில் பாதிக்கு மேல் நீ செய்தது. மூன்றையும் கிழித்துப் போட்டுவிட்டு, நடந்ததை உனக்கே எழுதிவிடுகிறேன், ஊரும் படிக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றின் பாடப் பதிவு மையத்தில் வந்து சேரும்படி உனக்கு மின்னஞ்சல் வந்து பன்னிரண்டு நாளாகிறது. மாதக் கடைசிக்குள் பதில் கேட்டிருக்கிறார்கள். நீ இன்னும் எழுதவில்லை. கேட்டால், "அங்க எல்லாரும் பிஎச்.டி.ம்மா. நான் கணக்குல நாலு தடவை ஃபெயில் ஆனவன். அவங்ககிட்ட நான் என்னத்தைப் போய்ச் சொல்றது?" என்கிறாய். மதிப்பெண் பட்டியல் அனைத்தும் கொண்டு வரவும் என்ற வரியைப் படித்தபோது உன் முகம் போன போக்கைப் பார்த்தேன். நேரில் பேசினால் நான் இரண்டாவது நிமிடமே பாடம் நடத்த ஆரம்பித்துவிடுவேன். நீ தலையை ஆட்டிக்கொண்டே ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொள்வாய். எழுத்தில் உனக்கு அந்த வசதி இல்லை. முழுக்கப் படித்துத்தான் ஆகவேண்டும்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, எல்லாத் துறையினரும் பாடங்களை வீடியோவாகப் பதிவு செய்து மாணவிகளுக்குப் போட வேண்டும் என்று எங்கள் கல்லூரியில் உத்தரவு வந்தது. அன்று வீட்டுக்கு வந்து நான் போட்ட கூச்சல் உனக்கு நினைவிருக்கும். முப்பது வருடம் சாக்பீஸ் பிடித்த கைக்கு இது என்ன புதுத் தண்டனை என்று உன் அப்பாவிடம் புலம்பினேன். அவர் வழக்கம்போல, "சொன்னா செஞ்சுதானே ஆகணும்" என்று பேப்பரைத் திருப்பினார். ஸ்ரீரங்கத்து வீட்டு ஹாலில் ஒரு பலகையை மாட்டி, போனை ஃபிரிட்ஜ் மேல் சாய்த்து வைத்து நானே ஒரு பாடம் எடுத்தேன். அதில் பாதி நேரம் என் கொண்டை மட்டும் தெரிந்தது. மலைக்கோட்டைப் பக்கத்து ஸ்டுடியோவில் நாள் முழுக்கக் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிவிட்டு வந்த நீ, அதைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை. போனை எடுத்துக்கொண்டு போய், ஹாலின் அந்தக் கோடியில், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு நாற்காலியில் உட்கார்ந்தால் கண் இருக்கும் உயரத்தில் வைத்தாய். "ஏன்டா இவ்வளவு தூரத்துல?" என்றேன். "கடைசி பெஞ்ச் இங்கதாம்மா இருக்கும்" என்றாய்.

என் முதுகை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான். ஒன்று சொல்கிறேன், நன்றாக இல்லை. வலது கை எழுதிக்கொண்டே போகிறது, இடது கையில் டஸ்டர், எழுதியதை அழித்துக்கொண்டே பின்னால் வருகிறது. பேசுவதெல்லாம் பலகையிடம். துறையிலேயே போர்ஷனை முதலில் முடிப்பவள் நான்தான் என்று எனக்கு ஒரு பெருமை உண்டு. அந்த வேகத்தில் கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சேர்ந்தது என் புடவை நிறம் மட்டும்தான் என்று தெரிந்தது. ஆனால் அன்று நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் நகர்ந்து நின்று எழுதினேன், டஸ்டரைக் கீழே வைத்தேன், அவ்வளவுதான். வேகம் அப்படியே இருந்தது. நீயும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் என்ன கிடைக்கும் என்று உனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

பாடங்களைப் போட்ட பிறகு அந்தக் கோடு வந்தது. எந்த நிமிடத்தை எவ்வளவு பேர் பார்த்தார்கள் என்று ஒவ்வொரு வீடியோவுக்கும் கீழே ஒரு கோடு காட்டும். அதை எப்படித் திறப்பது என்று நீதான் காட்டிக் கொடுத்தாய். தொகையிடல், அதாவது இன்டெக்ரேஷன், பாடத்தில் அந்தக் கோடு சமதரையாகவே போய், பதினோராவது நிமிடத்தில் மலைக்கோட்டை மாதிரி எழுந்து நின்றது. அந்த ஒரு நிமிடத்தைப் பிள்ளைகள் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த இடத்தில்தான் நான் கணக்கைச் சடாரென்று முடிப்பேன், எனக்கே பிடித்த இடம். மறுநாள் ஆசிரியர் அறையில் போனை எல்லோர் மூக்கின் கீழும் நீட்டினேன். "ரசிச்சுப் பாக்குதுங்க, பாருங்க" என்றேன். முதல்வர் அறை வரைக்கும் போய்க் காட்டிவிட்டு வந்தேன். அவரும் பாராட்டி, அடுத்த கூட்டத்தில் இதைப் பற்றி நான் பேச வேண்டும் என்றார். இப்போது எழுதும்போது கூட எனக்குக் காது சுடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டில் உன்னிடமும் அந்தப் பெருமையை அவிழ்த்தேன். நீ மெதுவாக, "அம்மா, அது பிடிச்சுப் பாக்கறது இல்ல. புரியாம பாக்கறது" என்றாய். நான் என்ன சொன்னேன் என்பதை இந்த மலரைப் படிக்கிற எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும். "அரியர் மேல அரியர் வச்சு பாஸ் பண்ணவன், எனக்கு நீ கிளாஸ் எடுக்கறியா?" என்றேன். அப்பா, "சாப்பிடற நேரத்துல என்ன இது" என்றார். நீ எழுந்தாய். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, லீவு நாளும் அதுவுமாக ஸ்டுடியோவுக்குப் போய்விட்டாய். வெளியே போகும்போது "போயிட்டு வரேம்மா" என்று வழக்கம்போலச் சொன்னாய். நான்தான் "சரி" என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் அந்தக் கணக்கையே பலகையில் போட்டு, "யாருக்காவது புரியலையா?" என்று கேட்டேன். "புரிஞ்சுது மேம்" என்று அறுபது பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். பார்த்தாயா என்று மனதுக்குள் உன்னிடம் சண்டை போட்டேன். ஆனால் உறுத்தல் போகவில்லை. பெயர் போடாமல் கேள்வி கேட்பதற்கு ஒவ்வொரு பாடத்துக்கும் கீழே நீ ஒரு பெட்டி வைத்திருந்தாய். அதை நான் ஒரு நாளும் திறந்ததில்லை. என் முகத்துக்கு நேரே கேட்க முடியாத கேள்வி எதற்கு என்று நினைத்திருந்தேன். அன்று மத்தியானம் ஆசிரியர் அறையில் யாரும் இல்லாதபோது திறந்தேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் ஆங்கில எழுத்தில் தமிழாகவும் ஒரே கேள்விதான் வரிசையாக வந்திருந்தது. கடைசியில் வருகிற அந்த அரை எங்கிருந்து வந்தது?

கணக்குப் பக்கம் போகாதவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். சில தொகையிடல் கணக்குகளில் நாம் போட்டுக்கொண்டே போனால், நாலு வரிக்குப் பிறகு கேள்வியே விடைக்குள் வந்து நிற்கும். கழித்தல் குறியோடு வரும். அதைப் பார்த்துப் பயப்படாமல் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்குக் கொண்டு வந்துவிட்டால், இங்கே ஏற்கெனவே இருந்த கேள்வியோடு சேர்ந்து இரண்டாகிவிடும். இரண்டு மடங்கு கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது, அதில் பாதிதான் நமக்கு வேண்டும். அந்தப் பாதிதான் அந்த அரை. இதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகுமா? நான் அந்த வரியை முப்பது வருடமாகப் பலகையில் எழுதியதே இல்லை. மனதுக்குள் செய்துகொண்டு, விடைக்கு முன்னால் ஓர் அரையைப் போட்டுச் சுழித்து முடித்துவிடுவேன்.

அன்று சாயங்காலம் கௌசல்யாவைக் கூப்பிட்டேன். லால்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து காலை ரயிலில் வருகிற பெண், அப்பா அம்மா இரண்டு பேரும் வயலில் வேலை செய்பவர்கள், பயந்து பயந்துதான் பேசும். ஆனால் பொய் சொல்லாது. "உண்மையைச் சொல்லும்மா, அந்த அரை எப்படி வந்ததுன்னு உனக்குத் தெரியுமா?" என்றேன். "தெரியாது மேம். ஆனா போட்டுடுவோம்" என்றது. "போட்டுடுவோம்னா?" என்றேன். "சீனியர் அக்காங்க சொல்லிக் கொடுத்ததுங்க மேம். கேள்வியே திரும்பி வந்துச்சுன்னா அதோட நிறுத்திட்டு அரை போட்டுடு, மேடம் கேட்க மாட்டாங்கன்னு. அவங்களுக்கு அவங்க சீனியர் சொன்னாங்களாம்" என்றது. "நான் டிரெயின்ல வர்றப்பல்லாம் அந்த இடத்தை இழுத்து இழுத்துப் பாத்தேன் மேம். எங்கயாவது சொல்லியிருப்பீங்க, நான்தான் விட்டுட்டேன்னு நெனச்சேன்."

எத்தனை செட் பெண்களை இந்த ஊரிலிருந்து கணக்குப் பட்டதாரிகளாக அனுப்பியிருக்கிறேன். அவர்களில் பலர் இப்போது ஆசிரியைகள். அவர்களும் தங்கள் பிள்ளைகளுக்கு அரை போடச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டும் வரை விரல் விட்டு அவர்களை எண்ணிக்கொண்டே வந்தேன். அம்மாமண்டபம் ஸ்டாப்பில் இறங்கி நடக்கும்போதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது, அப்படியே நின்றுவிட்டேன். நீ கல்லூரியில் முதல் வருடம் படிக்கும்போது, நான் சாப்பாட்டு மேஜையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நோட்டைக் கொண்டு வந்து, "அம்மா, இந்த அரை எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டாய். "மேலேருந்து கவனிச்சுப் போட்டா தெரியும்" என்றேன். போய்விட்டுக் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாய். "கணக்கு டீச்சர் பையன், இதுகூடவா தெரியாது? வெளில சொல்லிடாத" என்றேன். மூன்றாவது தடவை நீ வரவில்லை. அந்தக் கணக்கை மட்டுமல்ல, அதற்குப் பிறகு எந்தக் கணக்கையும் என்னிடம் கொண்டு வரவில்லை.

அந்தப் பேப்பரில் நாலு முறை தோற்றாய். ஒவ்வொரு முறையும் கல்லூரியில் கேட்டவர்களிடம் நான் பேச்சை மாற்றினேன். ஒரு முறை ரிசல்ட் இன்னும் வரவில்லை என்று சொன்னேன், வந்து பத்து நாள் ஆகியிருந்தது. ஐந்தாவது முறைக்கு முன்னால் நீ எப்போது பார்த்தாலும் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தாய். பரீட்சை நேரத்தில் அப்படி என்னடா போனில் என்று தினமும் திட்டினேன். நீ பாஸ் செய்தபோது, சமயபுரத்து அம்மனுக்கு நான் வேண்டிக்கொண்டது பலித்துவிட்டது என்று சொல்லி எல்லோருக்கும் லட்டு கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வரவில்லை. "அந்தப் பதினோராவது நிமிஷத்தைத் திரும்ப எடுக்கலாமா?" என்று மட்டும் கேட்டேன். நீ ஸ்டாண்டை எடுத்து நிறுத்தினாய். நான் அந்த விட்டுப்போன வரியைப் பலகையில் எழுதிச் சொல்லி முடிப்பதற்குள் நீ கூடவே முணுமுணுத்தாய்; மகனே, உனக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது. எங்கே கற்றாய் என்று கேட்டேன். "போன்லதாம்மா. யாரோ வடக்கத்தி சார், இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் புரியும். ஆனா அவரு கோவப்பட மாட்டாரு. எத்தனை தடவை பின்னால இழுத்தாலும் அதே குரல்ல திருப்பிச் சொல்லுவாரு" என்றாய். குத்திக்காட்டுவதற்காக நீ சொல்லவில்லை, ஸ்டாண்டை மடக்கிக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னாய். நான் அடுப்படிக்குப் போய் வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

அதற்குப் பிறகு நாம் இரண்டு பேரும் சேர்ந்து எல்லாப் பாடங்களையும் திரும்ப எடுத்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்காகத்தான் முக்கியமாக உனக்கு நன்றி சொல்ல வேண்டும். ஒரு மணி நேரப் பாடத்தை எட்டு நிமிடத் துண்டுகளாக வெட்டச் சொன்னாய். எனக்கு என் கையையே வெட்டுவது போல இருந்தது, ஆனால் சரியாகத்தான் வெட்டினாய். நடுவில் கேள்வி கேட்டுவிட்டு நிறுத்தச் சொன்னாய். "பேசாம இரும்மா. அவங்க எழுதட்டும்." இருபது விநாடி சும்மா இருக்க எனக்கு ஏழு முறை எடுக்க வேண்டியிருந்தது, முதல் ஆறு முறையும் விடையை நானே உளறிவிட்டேன். கோபப்படாமல் ஆறு முறையும் அதே குரலில் "மறுபடி எடுப்போம்மா" என்றாய். இந்தக் குணம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, என்னிடமிருந்து இல்லை என்பது மட்டும் நிச்சயம். இப்போது பாடத்தைப் பிள்ளைகள் வீட்டிலோ ரயிலிலோ பார்த்துவிட்டு வருகிறார்கள், வகுப்பில் கணக்குப் போடுகிறார்கள். நான் பெஞ்சுகளுக்கு நடுவே நடக்கிறேன். கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் ஜன்னலோரமாக ஒரு வேப்ப மரம் தெரிகிறது. இத்தனை வருடமும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. போன மாதம் கௌசல்யா நடு வகுப்பில் எழுந்து, எல்லோர் முன்னாலும், "மேம், எனக்குப் புரியல" என்றது. எனக்குப் பட்டம் கொடுத்த மாதிரி இருந்தது.

இவ்வளவுக்கும் பிறகும் நான் ஒரு துரோகம் செய்தேன். பாடங்களைப் பார்க்க எங்கள் கல்லூரிக்கு வந்த, அந்த வெளியூர்ப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர், "இதெல்லாம் யார் எடுத்தது, யார் இப்படித் துண்டு போட்டது?" என்று கேட்டார். "வீட்ல பையன் கொஞ்சம் ஹெல்ப் பண்ணினான்" என்றேன். கொஞ்சமாம். அவர் விவரம் தெரிந்தவர், விடாமல் உன் நம்பரையும் மின்னஞ்சல் முகவரியையும் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த மின்னஞ்சல் அப்படித்தான் வந்தது. ஆனால் கல்லூரி கொடுத்த பாராட்டுச் சான்றிதழில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது, அதை நீயே ஆணியடித்து ஹாலில் மாட்டினாய். நேராக இருக்கிறதா என்று வேறு கேட்டாய்.

போகிற இடத்தில் உனக்கு உபயோகப்படும் என்பதால் சில விஷயங்கள் சொல்கிறேன், பொறுத்துக்கொள். எங்கள் செமினார் ஹாலில் விலை உயர்ந்த ஸ்மார்ட் போர்டு ஒன்று துணி போர்த்தி நிற்கிறது. அதைத் துடைப்பதற்கு மட்டும்தான் யாராவது தொடுகிறார்கள். அங்கேயும் உன்னிடம் கருவியைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். நீ காமிராவை எங்கே வைப்பது என்பதிலிருந்து ஆரம்பி. அந்தக் கோட்டையும் முழுசாக நம்பிவிடாதே. மேடு இருக்கிற இடத்தில் புரியாதவர்கள் இருக்கிறார்கள், சரி. பார்க்கவே இல்லாதவர்கள் அந்தக் கோட்டில் எங்கும் இல்லை. கௌசல்யா வீட்டில் மூன்று பேருக்கு ஒரு போன், அது அவள் தம்பி கையிலிருக்கும் நாளில் இந்தப் பெண் பாடம் பார்க்க முடியாது. அப்படிப்பட்டவர்களைப் பெயர் சொல்லித் தேடிப் போய்த்தான் கேட்க வேண்டும், அதற்கு எந்த மென்பொருளும் கிடையாது. பெரிய பேராசிரியர்கள் உன்னிடம் எரிந்து விழுவார்கள். நான் விழுந்ததை விட மோசமாக யாரும் விழ முடியாது, அதனால் அந்தப் பயிற்சி உனக்கு ஏற்கெனவே முடிந்துவிட்டது.

அவர்களுக்கு நீ என்ன சொல்ல முடியும் என்று கேட்டாய். எங்களைப் போன்றவர்களுக்குப் பாடம் தெரியும். தெரிந்துபோனதனாலேயே, தெரியாமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பது எங்களுக்கு மறந்துவிடுகிறது. எந்த வரியை விட்டோம் என்று எங்கள் கண்ணுக்குத் தெரியாது. அந்த இடத்தில் வருடக்கணக்காக உட்கார்ந்திருந்து, வெளியே வரும் வழியையும் தானே கண்டுபிடித்த ஓர் ஆள் அந்த மையத்தில் வேண்டும். அந்தப் பேராசிரியருக்கு அது புரிந்துதான் உன்னைக் கூப்பிட்டிருக்கிறார். உன்னை மந்தம் என்று நினைத்திருந்தேன், வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் நினைத்திருந்தேன், உனக்கும் அது தெரிந்திருந்தது. நான் நினைத்தது தப்பு, தம்பி. என்னை மன்னித்துவிடு. எனக்குக் கற்பிக்கத் தெரியாமல் போனதை இத்தனை வருடம் உன் கணக்கில் எழுதி வைத்திருந்தேன்.

இதை மலருக்குக் கொடுக்கும் முன் உன் மேஜையில்தான் வைக்கிறேன்; படித்ததும் இன்றைக்கே அவர்களுக்கு வருகிறேன் என்று எழுதிவிடு. போகும்போது மதிப்பெண் பட்டியல்களில் ஒன்றையும் ஒளிக்காதே. நாலு தோல்வியும் வரிசையாகத் தெரியும்படி மேலே வை. மலர் இந்த வாரம் அச்சுக்குப் போகிறது, உனக்கென்று ஒரு பிரதி தனியாகச் சொல்லி வைத்திருக்கிறேன். யாராவது அந்த நாலைப் பார்த்துவிட்டு உன்னை நிமிர்ந்து பார்த்தால், இந்தப் பக்கத்தைத் திறந்து அவர்கள் முன்னால் வை. தோற்றது யார் என்று அவர்களே படித்துக்கொள்ளட்டும்.

அம்மா